கொசப்பேட்டையின் மண் கணக்கு

ஊருக்கெல்லாம் விநாயகர் சதுர்த்தி ஆவணியில்தான் வருகிறது. கொசப்பேட்டையில் அதற்கான வேலை தை மாதமே தொடங்கிவிடும். பொங்கல் பானை விற்ற கையோடு பிள்ளையார் அச்சுகளைப் பரணிலிருந்து இறக்கிவிடுகிறார்கள். பிள்ளையார் முடிந்தால் கொலு பொம்மை, கொலு முடிந்தால் கார்த்திகை அகல், அப்புறம் மறுபடியும் பொங்கல் பானை. புரசைவாக்கத்தை ஒட்டிய இந்தக் குயவர் பகுதியில் வருஷம் இப்படித்தான் சுற்றி வருகிறது. ஆடிக் கடைசியில் நான் போனபோது திண்ணை, மாடிப்படி, மொட்டை மாடி என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஈரப் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சில வருஷங்களாகவே சென்னையில் சூழலுக்குக் கேடில்லாத சதுர்த்தி என்பது ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழந்தைகளுக்குக் களிமண் பிள்ளையார் பயிற்சி நடக்கிறது. பள்ளிக்கூடங்களில் விதை வைத்த பிள்ளையார் செய்கிறார்கள். விழா நாளில் ஒரு மூலையில் சிறுதானியக் கொழுக்கட்டையும் வாழையிலையில் சுண்டலும் கிடைக்கும். இதையெல்லாம் நான் விரும்பிப் போய்ப் பார்ப்பவன். ஆனால் அந்த மேசைகளின் மேல் வந்து உட்காரும் களிமண் எங்கிருந்து வருகிறது, அதை யார் பதப்படுத்துகிறார்கள் என்று பெரும்பாலான விழாக்களில் யாரும் சொல்வதில்லை. அதைப் பார்க்கத்தான் கொசப்பேட்டைக்குப் போனேன்.

ஐம்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் வாசலில் உட்கார்ந்து அச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரச்சாக்கு போர்த்திய மண். முந்தின நாளே காலால் மிதித்துப் பதமாக்கியதாம். அதில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று ஏதோ தட்டியது. ஒரு பொடிக்கல்லையும் வேர்த்துணுக்கையும் நகத்தால் எடுத்துப் போட்டார். துணியில் கட்டிய சாம்பல் பொட்டலத்தால் அச்சின் உட்புறத்தை ஒற்றினார். மண் ஒட்டாமல் வர அதுதான் வழி. பிறகு தும்பிக்கைக்கும் வயிற்றுக்கும் தனித்தனியாக மண்ணை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மூலையில் காற்று நின்றுவிட்டால் அந்த இடத்தில் குழி விழும். அச்சை நிரப்பியதும் முதுகுப் பக்கத்தைத் தோண்டி மண்ணை வெளியே எடுத்தார். கனம் எல்லாப் பக்கமும் சீராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய பகுதி முதலில் சுருங்கும், தடித்த பகுதி பின்னால் சுருங்கும், நடுவில் வெடிப்பு ஓடிவிடும். அச்சைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டியதும் பிள்ளையார் பலகையில் வந்து உட்கார்ந்தார். மூங்கில் சிம்பால் காதோரத்தைச் சீவிவிட்டு, ஈரம் இருக்கும்போதே இரண்டு குன்றிமணிகளைக் கறுப்புப் பொட்டு வெளியே தெரியும்படி பதித்தார். எல்லாம் என்னோடு பேசிக்கொண்டே.

"மண்ணு நல்லா இருந்தா கை தானா ஓடும் தம்பி. மண்ணு கெட்டுதுன்னா எப்பேர்ப்பட்ட கைகாரனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

களிமண்ணுக்குப் போட்டியாக வந்தது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஜிப்சத்தை ஏறக்குறைய 150 டிகிரியில் வறுத்து, அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைக்கும் மாவு அது. தண்ணீர் சேர்த்ததும் அரை மணிக்குள் இறுகி மறுபடி ஜிப்சமாகிவிடும். லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிராமுக்கு மேல் தண்ணீரில் கரையாது. சுடாத களிமண்ணோ வாளித் தண்ணீரில் வைத்தால் தானாகவே குழைந்துவிடும். சதுர்த்தி முடிந்து பட்டினப்பாக்கம், காசிமேடு கடற்கரைகளில் கையும் தலையுமாக ஒதுங்கிய சிலைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்ட நெறிமுறைகளை 2020 மே மாதம் திருத்தி பிளாஸ்டர், தெர்மாகோல், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் மூன்றையும் சிலைகளில் தடை செய்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் பிளாஸ்டர் சிலை விற்பனை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உயர் நீதிமன்றம் விதித்த தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

தடை சரியானது, நான் முழு மனதோடு அதன் பக்கம் நிற்கிறேன். ஆனால் அரை மணியில் இறுகும் பொருளைத் தள்ளிவைத்துவிட்டு, நாள்கணக்கில் காயும் பொருளுக்குத் திரும்பச் சொல்கிறோம். அதற்கு மண் வேண்டும், வெயில் வேண்டும், காயவைக்க இடம் வேண்டும். நகரம் இந்த மூன்றையும் இந்தக் குடும்பங்களிடமிருந்து மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டே வருகிறது.

முதலில் மண். சென்னை ஏரிகள் சூழ்ந்த ஊராக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இன்றைக்குக் கொசப்பேட்டைக்கு மண் வருவது திருவள்ளூர் பக்கத்து ஏரிகளிலிருந்து, லாரியில். 2024இல் தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. ஏரிகளில் வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியரே அனுமதி தரலாம், கட்டணமும் இல்லை என்று விதியை எளிதாக்கியது. ஏரிக்கரையில் குடியிருப்பவருக்கு இது பெரிய உதவி. நகரத்துக்குள் இருப்பவருக்கு மண் இலவசமானாலும் லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. வந்த மண்ணைக் கொட்டிவைக்க முற்றம் இல்லை. பாதி லோடு எடுக்க நாலு வீடு சேர வேண்டியிருக்கிறது என்றார் அந்த அம்மா.

புனேயில் நடப்பதைச் சொன்னேன். அங்கே சிலை செய்யும் ஷாடு மண் குஜராத்திலிருந்து வருகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வருவதைக் கரைத்து வீணாக்குவானேன் என்று, வீடுகளில் கரைத்த பிள்ளையார்களின் மண்ணைத் திரட்டி சிலை செய்பவர்களிடமே திருப்பித் தரும் இயக்கம் ஒன்று புனராவர்தன் என்ற பெயரில் நடக்கிறது. அவர் அச்சைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கலர் அடிச்சதையும் சேர்த்தா குடுக்கறாங்க?" அது எனக்குத் தெரியவில்லை என்றேன். "பெயிண்ட் கலந்த மண்ணு கையில புடிக்காது."

தொழில் தெரிந்தவர் எழுப்பும் கேள்வி அது. களிமண் பிள்ளையார் என்ற பெயரில் விற்பதிலும் பளபளக்கும் எனாமல் பூச்சு ஏறிவிடுகிறது. ஈயமும் குரோமியமும் கலந்த நிறமிகள் சேர்ந்தால் உள்ளே இருப்பது மண்ணானாலும் குளத்துக்குக் கேடுதான். வாங்குகிறவர்கள் தங்க நிறக் கிரீடம் கேட்கிறார்கள்; கேட்பதை இவர்கள் செய்கிறார்கள். தெருமுனைகளில் வைக்கும் பெரிய சிலைகள் தனிக் கதை. சென்னையில் 1980களுக்குப் பிறகு பரவிய வழக்கம் அது. இப்போது அவற்றைப் பெரும்பாலும் காகிதக் கூழிலும் மரவள்ளிக் கிழங்கு மாவிலும் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், கைக்குள் அடங்கும் பிள்ளையாரைவிடப் பெரிய எதற்கும் இந்த நகரத்தின் தண்ணீரில் இடம் கிடையாது.

வெயிலையும் இடத்தையும் மொட்டை மாடியில் பார்த்தேன். ஈரப் பிள்ளையாரை நேராக வெயிலில் வைக்கக் கூடாது. முதலில் நிழலில் ஆற வேண்டும், நிறம் வெளுக்கத் தொடங்கிய பிறகுதான் வெயில். ஆடியிலும் ஆவணியிலும் சென்னைக்குச் சாயங்கால மழை வரும். மேகம் திரண்டால் வீட்டில் உள்ள எல்லாரும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் உட்பட, மாடிக்கு ஓடித் தார்ப்பாய் போடுகிறார்கள். நான் இருந்தபோது அப்படி ஒருமுறை தூறிவிட்டு நின்றது. ஓர் ஓரத்தில் தார்ப்பாய் எட்டாமல் நனைந்தவை முகம் கரைந்து நின்றன. அந்த அம்மாவின் மகன் ஒன்றும் சொல்லாமல் அவற்றை மண் தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்தார். மண் போகாது, கூலிதான் போய்விட்டது. மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால உதவி ஐப்பசி, கார்த்திகை அடைமழையை மனதில் வைத்தது. இந்தத் தூறலில் போன கூலி அதில் சேராது.

சதுர்த்திக்கு முந்தின நாள் இவர்கள் மண்ணையும் அச்சையும் எடுத்துக்கொண்டு மார்க்கெட் ஓரங்களில் உட்காருவார்கள். எருக்கம்பூ மாலை, அருகம்புல், விளாம்பழம் விற்பவர்கள் அங்கேயே கடை போடுவார்கள். வீட்டிலிருந்து மணைப்பலகையோடு வருகிறவர்களுக்குக் கண்ணெதிரே அச்சுப் போட்டுத் தருவது பழைய வழக்கம். எனக்கு மனவேதனை தருவது அங்கே நடக்கும் பேரம். ஆயிரக்கணக்கில் பட்டாடை வாங்கியவர்கள் மண் பிள்ளையாருக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். பிள்ளையாருக்கு வைக்கும் காகிதக் குடையும் மாறிவிட்டது. மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டிய குடைகளின் இடத்தில் ஜிகினா பிளாஸ்டிக் குடைகள் வந்துவிட்டன. சிலை கரைந்த பிறகும் குடை மிதக்கும்.

நான் கிளம்பும் நேரத்தில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்கள் வளாகத்தில் விழா. குழந்தைகளுக்குப் பிள்ளையார் செய்யச் சொல்லித்தர வேண்டும், அறுபது பேருக்கு மண் வேண்டும்.

"ஒரு மணி நேரம் வந்தா போதும்மா. மேடையில கூப்பிட்டு உங்களுக்குச் சால்வை போடுறோம்."

"சால்வை இருக்கட்டும்மா. எனக்கு ஒரு நாள் கூலி வேணும். அன்னிக்கு இங்க உக்காந்தா எவ்ளோ அச்சுப் போடுவேனோ அந்தக் காசு. மருமவளும் கூட வருவா, அவளுக்குத் தனியா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் நியாயந்தான் என்றார். மண்ணுக்கு முன்பணம் பேசி முடித்தார்கள். அம்மா இன்னொன்றும் கேட்டார்: கலர் அடிக்காமல் செய்ய வேண்டும், வளாகத்துக்குள்ளேயே தொட்டி வைத்துக் கரைக்க வேண்டும், அடியில் தங்கும் மண்ணைத் திருப்பித் தர வேண்டும்.

"பூஜை பண்ண மண்ணாச்சே, அதை மறுபடி..." என்று இளையவர் தயங்கினார்.

"கரைஞ்சா மண்ணுதாம்மா. கடலுக்குப் போறதுக்கு எங்கிட்ட வரட்டும். நாலு சாக்கு குடுத்தனுப்புறேன். தண்ணிய வடிச்சிட்டுக் கட்டி வைங்க, பையன் வந்து எடுத்துக்குவான்."

மூத்தவர் போனில் குறித்துக்கொண்டார்: முன்பணம், இரண்டு பேர் கூலி, நிழலான இடம், தண்ணீர்க் குழாய், தொட்டி, நாலு சாக்கு.