குடவோலைக் கல்வெட்டைச் சட்டமாக வாசித்தல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. குடவோலை முறையைப் பள்ளிப் பாடநூலில் படித்திருக்கிறோம், மேடைகளில் கேட்டிருக்கிறோம். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் ஆற்றிய உரையிலும் இவ்வூரின் பெயர் இடம்பெற்றது. இத்துணைப் புகழப்பட்ட இவ்வாசகத்தைச் சட்டம் பயில்வோர் சட்டமாக வாசிக்கிறார்களா என்பதே எங்கள் கேள்வி.

உத்திரமேரூரையும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்ந்த நாங்கள் சிலர், மாதம் ஒருமுறை கூடி நூல்களை வாசித்து வருகிறோம். எங்களுள் இருவர் சட்ட முதுகலை மாணவர்கள். ஒருவர் பன்னாட்டுச் சட்டம் பயில்கிறார். அரசமைப்புச் சட்டம் பயிலும் மற்றவர், விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பெண். தம் ஆய்வேட்டுக்கு இக்கல்வெட்டையே பொருளாகக் கொள்ள அவர் விரும்பினார். "இது வரலாறு, சட்டமன்று" என்று அறிந்தவர் ஒருவர் அவருக்கு அறிவுரை கூறினார். அந்த அறிவுரையை எங்களால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறோம்.

முதற்காரணம், கல்வெட்டின் அமைப்பே. சபை கூடி எடுத்த தீர்மானம் அது. அரசனின் ஆணைப்படி, அவனுடைய அதிகாரி உடனிருக்க நிறைவேறியது. உறுப்பினராகும் தகுதிகள், தகுதியின்மைகள், தேர்வுமுறை, 360 நாள் பதவிக்காலம், வாரியங்களின் எண்ணிக்கை என யாவும் வரிசையாக வகுக்கப்பட்டுள்ளன. 919இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த வயது வரம்பு, 921இல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் விதிகளைத் திருத்தியமைத்த அச்செயலை இன்றைய சட்ட மாணவர் சட்டத்திருத்தம் என்றே அழைப்பார்.

தேர்வுமுறையையும் கூர்ந்து நோக்க வேண்டும். பலர் சொல்வதுபோல் அது வாக்கெடுப்பன்று, சீட்டெடுப்பு. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தனர். அதனை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது விதி. ஓலை மாற்றப்படாதிருக்கக் கையின் நிலையைக்கூடச் சட்டம் வகுத்திருக்கிறது! பண்டைய ஏதென்ஸிலும் பல பதவிகளுக்குச் சீட்டே முறை. பதவி முடிந்ததும் அங்கும் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். இவ்விரண்டையும் ஒப்பிடுவது நல்லதோர் ஆய்வுப்பொருள் அன்றோ?

இரண்டாம் காரணம், சென்னையின் சொந்த மரபு. போலந்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் சி.எச். அலெக்ஸாண்ட்ரோவிச் 1951 முதல் பத்தாண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பன்னாட்டுச் சட்டத்துக்கும் அரசமைப்புச் சட்டத்துக்குமான துறையை அங்கே நிறுவியவர் அவரே. ஆசிய அரசர்களின் உடன்படிக்கைகளையும் கௌடில்யரையும் சட்ட மூலங்களாக வாசித்து, நாடுகளிடைச் சட்டம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று என்று அவர் வாதிட்டார். தாத்ரா, நகர் ஹவேலி வழியுரிமை தொடர்பாகப் போர்ச்சுக்கல் இந்தியா மீது தொடுத்த வழக்கில், 1960இல் பன்னாட்டு நீதிமன்றம் 1779ஆம் ஆண்டின் மராட்டிய உடன்படிக்கையை ஆராய்ந்தது. அது வருவாய் உரிமையைத்தான் அளித்ததேயன்றி இறையாண்மையை அளிக்கவில்லை எனக் கண்டது. பழைய ஆவணம் நீதிமன்றம் ஏறிச் சட்டமாக வாசிக்கப்படலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது சற்றே கடினமானது. அம்மாணவியின் தாயார் எங்கள் கூட்டத்துக்கு ஒருமுறை வந்திருந்தார். கல்வெட்டின் பொருளைக் கேட்டறிந்தபின் மகளிடம், "நம்மள உள்ள விடாத சட்டத்த நீ எதுக்கும்மா படிக்கிற?" என்றார். எங்களுள் எவராலும் உடனே விடை கூற இயலவில்லை. உத்திரமேரூர் அன்று அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்க்கே குடத்தில் பெயரிட உரிமை. நிலத்தில் உழைத்தவர்க்கு இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. பெருமை பேசும் மேடைகளில் இப்பகுதி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

ஆயினும், யார் பதவிக்கு நிற்கலாம் என்பது பொதுச் சட்டத்தின் உயிரான கேள்வி. அது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்துபோகவுமில்லை. 2015 டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில், ஊராட்சித் தேர்தலில் நிற்கக் குறிப்பிட்ட பள்ளிப் படிப்பும் வீட்டில் கழிப்பறையும் வேண்டும் என்ற ஹரியானாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. படிப்பும் மனையும் தகுதியாவதை அச்சுவரில் கண்டவர்க்கு இத்தீர்ப்பு புதிதாகத் தோன்றாது. தமிழ்நாட்டிலோ 2016இல் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டன. கதவு திறக்கும் சட்டத்தையும் அடைக்கும் சட்டத்தையும் அருகருகே வைத்து ஆராய, வெளியே நிறுத்தப்பட்டவரின் வழித்தோன்றலுக்கு உரிமை மிகுதி என்பது எங்கள் துணிபு. தாயாருக்கும் பின்னர் இதையே கூறினோம். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை.

கல்வெட்டில் எங்களை மிகவும் ஈர்ப்பது கணக்கு பற்றிய விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் செலவுக் கணக்கை முறையாக அளிக்காதவரை மூன்றாண்டுகள் தகுதியற்றவராக அறிவிக்கலாம். உறவினரைத் தண்டிப்பதை இன்றைய சமத்துவக் கோட்பாடு ஏற்காது. ஆனால் உறவினர் பெயரில் பதவி கைமாறும் தந்திரத்தை அன்றே உணர்ந்திருந்தனர் என்பது விளங்குகிறது.

ஏரி வாரியம் காத்த வைரமேகத் தடாகம் இன்றும் ஊரின் அருகே விரிந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று சுற்றுப்புறச் சிற்றூர்களில் கிராம சபை கூடுகிறது. வாசகர்கள் தத்தம் ஊர்களில் அன்றைக்குச் சென்று அமர்ந்து, வரவு செலவுக் கணக்கு படிக்கப்படும்போது எழுந்து ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டுகிறோம்.