ஆவணிப் புயலும் புது மாணவரும்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியோர் வாக்கு. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் அணை போட்டுத்தான் வைத்திருந்தார்கள். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி கத்ரீனா சூறாவளி வந்தபோது அந்தக் கரைகள் உடைந்து, நகரில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஆகவே அணை உடைந்தால் எங்கே போவது என்பதையும் முன்னதாகவே தீர்மானித்து வைப்பதுதான் முழுமையான முன்னேற்பாடு.

அந்நகரில் உள்ள டுலேன் பல்கலைக்கழகத்துக்கு இது நன்கு தெரிந்திருந்தது. அங்கு புது மாணவர்கள் விடுதியில் குடியேற வேண்டிய நாள் ஆகஸ்டு 27, சனிக்கிழமை. பெட்டி படுக்கையுடன் வந்திறங்கிய பிள்ளைகளை அன்றே புறப்படச் சொல்லவேண்டியதாயிற்று. பெற்றோருடன் வந்தவர்கள் அவர்களுடனேயே திரும்பினார்கள். போக்கிடம் இல்லாத சில நூறு பேரைப் பல்கலைக்கழகமே பஸ்களில் ஏற்றி, முன்பே வகுத்திருந்த திட்டப்படி, மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அந்தப் பருவம் முழுவதும் டுலேன் மூடிக் கிடந்தது. மாணவர்கள் நாடெங்கும் வேறு கல்லூரிகளில் படித்து, 2006 ஜனவரியில்தான் திரும்பினார்கள்.

அந்த ஆகஸ்டில் நாகப்பட்டினத்திலிருந்து மேற்படிப்புக்காக நியூ ஆர்லியன்ஸ் வந்திருந்தான் ஓர் இளைஞன். வந்து இரண்டு வாரம். சொந்தக் கார் இல்லை. வெளியே ஒரு வாடகை அறை. புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வருவது என்பதே அவன் கண்டது. அட்லாண்டிக் கடலிலோ ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். அதன் உச்சம் செப்டம்பர் நடுவில். அதாவது, புது மாணவர்கள் வந்து சேரும் ஆவணியே இங்கு அபாய மாதம்.

அவனிடம் இருந்தது, பேட்டன் ரூஜில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் தொலைபேசி எண். தாயாரின் பள்ளித் தோழி மூலம் கிடைத்தது. கூசிக்கொண்டேதான் அழைத்தான். அந்த வீட்டு மாமி அதிகம் விசாரிக்கவில்லை. "பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் எடுத்துக்கொள், தம்பி. யார் காரிலாவது ஏறி வந்துவிடு. கார் ஓட்டி வருகிறவருக்கும் சேர்த்தே சமைத்து வைக்கிறேன்" என்றார். ஒன்றரை மணி நேரப் பயணம் அன்று ஆறு மணி நேரமாயிற்று.

வந்து சேர்ந்ததும், தாயாரை அழைத்து அந்த வீட்டு எண்ணைக் கொடுக்கச் சொன்னவரும் மாமிதான். நியூ ஆர்லியன்ஸ் எண் கொண்ட கைபேசிகள் பல, எந்த ஊருக்குக் கொண்டு போனாலும், அந்நாட்களில் பேசவில்லை. எட்டு மாதங்களுக்கு முன்புதான் சுனாமியில் அண்டை வீட்டாரைப் பறிகொடுத்திருந்த அந்தத் தாய், தொலைக்காட்சியில் மூழ்கிய கூரைகளைப் பார்த்தபடி மகனின் எண்ணைத் திரும்பத் திரும்பச் சுழற்றினார். பதில் இல்லை. பின்னர் மாமி வீட்டு எண்ணை அழைத்தார். மகனே எடுத்தான்.

புது மாணவர்கள் செய்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. பாஸ்போர்ட், ஐ-20, மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு ஒரே இடத்தில் வைக்கவேண்டும். ஆராய்ச்சிக் குறிப்புகளுக்குப் பிரதி எடுத்து வெளியூரில் வைப்பது அவசியம். 2001 ஜூனில் அலிசன் புயலின் வெள்ளம் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரிகளின் நிலத்தடித் தளங்களில் புகுந்து, பலருடைய பல்லாண்டு உழைப்பை அழித்துவிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் வீதம் மூன்று நாள் குடிநீர் வேண்டும். மின்சாரம் நின்றால் அரிசிக் குக்கர் உதவாது. அவல், பொட்டுக்கடலை, சத்துமாவு கைகொடுக்கும்.

இவையெல்லாம் கடையில் கிடைக்கும். போய்ச் சேர ஒரு வீடு மட்டும் கடையில் கிடைக்காது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி வசிக்கும் அன்பர்கள், ஆண்டுதோறும் ஆகஸ்டு பிறக்குமுன் கரையோரக் கல்லூரி மாணவர் ஒருவருக்கேனும் தம் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்து வைத்தல் நலம். பெற்றுக்கொள்ளும் மாணவர், கூச்சத்தை விட்டு, அதை அன்றைக்கே ஊரில் உள்ள பெற்றோருக்கும் தெரிவித்துவிட வேண்டும்.