ஸ்டாஃப் பிடிப்பவர் கற்பது

சர்வே கேம்ப் முடிந்து மாணவர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், முன்பெல்லாம் ‘நான் எப்படிக் கற்கிறேன்’ என்று எழுதச் சொல்வோம். ‘கையால் செய்தால்தான் எனக்கு ஏறும்’, ‘எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்’ என்று ஆளுக்கு ஒரு வரி வரும். நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் 1992-இல் கட்டுரையாக வெளியிட்ட ‘வார்க்’ என்ற கற்றல் பாணி முறையில் பார்வை, செவி, வாசிப்பு, செயல் என நான்கு பிரிவு. முதலாண்டில் அதன் வினாத்தாளை நிரப்பியபோது விழுந்த பிரிவை மாணவர்கள் ஜாதகக் கட்டம் மாதிரி கடைசி செமஸ்டர் வரை சுமக்கிறார்கள். அவரவர் பாணிக்கேற்ப நடத்தினால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 2008-இலேயே ஹெரால்ட் பாஷ்லரும் உடன் மூவரும் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். வெயிலில் லெவல் எடுக்கும், அதாவது தரையின் மேடு பள்ளத்தை அளக்கும் குழுக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அதே சந்தேகம்தான்.

குழு பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே இடங்கள் உறைந்துவிடும். குரல் பெரிதாக இருப்பவன் கருவியைப் பிடித்துக்கொள்வான். பேசாத பையன் நான்கு மீட்டர் அளவுகோலான ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு நடப்பான். ‘உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல’ என்று ஃபீல்டு புக் ஒரு பெண்ணிடம் போகும். கேம்ப் முடிவில் அந்தப் பெண், ‘நான் எழுதிக் கற்பவள்’ என்று எழுதித் தருவாள். டெலஸ்கோப்பில் கண் வைக்க யாராவது இடம் விட்டிருந்தால்தானே வேறெதுவும் தெரிந்திருக்கும்?

ஒரு கேம்பில் ஒரு குழுவின் லெவல் சுற்று, தொடங்கிய புள்ளிக்கே திரும்பியபோது, ஏறக்குறைய ஒரு மீட்டர் பிசகி முடிந்தது. சாதாரண லெவலிங்கில் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்கு 24 மில்லிமீட்டர் வரைதான் பொறுப்போம். கணக்குச் சரிபார்ப்பு கச்சிதம்: பேக் சைட் (கருவியை நிறுத்தியதும் படிக்கும் முதல் எண்) கூட்டலிலிருந்து ஃபோர் சைட் (கருவியை நகர்த்துமுன் படிக்கும் கடைசி எண்) கூட்டலைக் கழித்தால் முதல், கடைசி மட்டங்களின் வித்தியாசம் அப்படியே வந்தது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு கூட்டல் பிழையைத்தான் காட்டும், தப்பாகப் படித்ததைக் காட்டாது. கருவிக்காரன் மறுபடி முதலிலிருந்து கூட்டினான். ஸ்டாஃப் பிடித்த பையன்தான் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, ஒரு வரியில் விரல் வைத்தான். “சார், இங்க தரை மேஜை மாதிரி இருந்துச்சு. 1.520க்கு அடுத்து 0.485 எப்படி வரும்?” ஸ்டாஃப் கருவிக்குப் பக்கத்தில் நின்றால் மீட்டர் எண் பார்வைக்குள் விழாது. ஸ்டாஃபை மெல்ல உயர்த்தச் சொல்லி, சிவப்பு மீட்டர் எண்ணைப் பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. 1.485 என்பது 0.485 ஆகிவிட்டது.

தரையைக் காலால் அறிந்தவனுக்குத்தான் அந்த எண் உறுத்தியது. இதை எந்தக் கட்டத்தில் போடுவது? அவன் தன் வினாத்தாளில் ‘செவி’ என்று வந்ததாகச் சொன்னான்.

அதனால் கருவி இடம் மாறும் ஒவ்வொரு சேஞ்ச் பாயின்ட்டிலும் ஆள் மாறியே ஆக வேண்டும் என்று வைத்திருக்கிறேன். ஸ்டாஃப் மட்டும் அசையக்கூடாது; கருவி அடுத்த இடம் போய், மட்டம் காட்டும் பபிளை நடுவுக்குக் கொண்டுவந்து, பேக் சைட் படித்து முடித்த பிறகே ஸ்டாஃப் கைமாறலாம். வேலை மெதுவாகும். மற்றக் குழுக்கள் டீ குடிக்கும்போது என் குழுக்கள் இன்னும் ட்ரைபாட் காலை மிதித்துக்கொண்டிருக்கும். முணுமுணுப்பு உண்டு. வேகமாக முடிப்பதுதான் குழுவேலை என்றால் கெட்டிக்காரன் ஒருவனையும் மூன்று வேடிக்கையாளர்களையும் அனுப்பிவிடலாமே!

மதிப்பெண்ணிலும் கை வைத்திருக்கிறேன். குழுவுக்கு மொத்தமாக ஒரே மார்க் போடுவது எங்களுக்கு வசதி, அவ்வளவுதான். வைவாவில் கருவி பார்த்தவனிடம் ஃபீல்டு புக்கின் ஒரு பக்கத்தை நீட்டி அந்த இடத்தின் மேடு பள்ளத்தைச் சொல்லச் சொல்வேன். புக் எழுதியவளைக் கருவியை நிறுத்தி மட்டம் பார்க்கச் சொல்வேன். முதல் நாளே இதை அறிவித்துவிடுவதால் மாலையில் ஒருவரை ஒருவர் துளைத்து எடுக்கிறார்கள். கடைசிப் பக்கத்துக் கேள்வியையும் மாற்றியாயிற்று. உனக்கு வராத வேலையை யாரிடம் கற்றாய், அவர் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட முடிவதில்லை, சிலர் கூடுதல் தாள் கேட்கிறார்கள்.