உரு

2015ல் வான்கூவரில் நடந்த டெட் மாநாட்டில் கிரிஸ் அர்ம்சன் ஒரு காணொளியைக் காட்டினார். அப்போது அவர் கூகுளின் தானோட்டிக் கார் திட்டத்தின் தலைவர். கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரத் தெருவொன்றில், மின் சக்கர நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண்மணி வாத்து ஒன்றைத் துரத்தியபடி நடுச்சாலையில் வட்டமிடுகிறார். எந்த ஓட்டுநர் கையேட்டிலும் இக்காட்சிக்கு விதி கிடையாது. கார் வேகத்தைக் குறைத்தது, காத்திருந்தது, வழி தெளிந்தபின் சென்றது.

அந்தக் கார் வாத்தை வாத்தென்று அறிந்ததா என்பது முக்கியமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் ஏதோ இருக்கிறது. அது எப்படி நகரும் என்று கணிக்க இயலவில்லை. ஆகவே நிற்பது நலம். அத்தருணத்துக்கு இவ்வளவு அறிவு போதுமானது.

இப்படிப்பட்ட தருணத்துக்கு நம் இலக்கணம் ஒரு சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறது. தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று துணிய முடியாதபோது எப்படிச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் விதி உண்டு. 'உரு' என்று சொல்லலாம். திணையே தெளியாத நிலையிலும் அங்கே ஒன்று இருப்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது. தானோட்டிக் கார்கள் தடுமாறிய நிகழ்வுகளைப் படிக்கும்தோறும் எனக்கு இந்த 'உரு' நினைவுக்கு வருகிறது.

இக்கார்கள் நொடிக்குப் பலமுறை மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கின்றன. அங்கே ஏதேனும் உள்ளதா? அது என்ன? அடுத்து எங்கே செல்லும்? மூன்றாவதற்கான விடை பெரும்பாலும் இரண்டாவதைச் சார்ந்தது. லாரி என்றால் முகம் இருக்கும் திசையில் செல்லும். நடப்பவர் என்றால் மெல்லச் செல்வார். பெயர் பிழைத்தால் கணிப்பும் பிழைக்கும்.

2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பிக்கப் வண்டியைப் பின்புறமாகவும் கோணலாகவும் கட்டி இழுத்துச் சென்றார்கள். வேமோ நிறுவனத்தின் கார் ஒன்று அதன்மேல் இடித்தது. சில நிமிடங்களில் அதே நிறுவனத்தின் இன்னொரு காரும் அதே வண்டியை இடித்தது. வண்டியின் முகம் ஒரு பக்கம், அது சென்ற திசை வேறு பக்கம். இரண்டு கார்களுக்கும் மென்பொருள் ஒன்றே என்பதால் பிழையும் ஒன்றாகவே இருந்தது. யாருக்கும் காயமில்லை. மென்பொருளைத் திருத்தினார்கள்.

அரிசோனாவின் டெம்பி நகரில் 2018 மார்ச் 18 இரவு நடந்தது அப்படி முடியவில்லை. ஒரு பெண் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி அவர் இறந்தார். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் தெரியவந்தவை நெஞ்சை விட்டு அகலாதவை. மோதலுக்கு 5.6 நொடிகள் முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று பெயரை மாற்றிக்கொண்டே இருந்தன. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடம் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அவர் அப்போதுதான் தோன்றியவர் ஆனார். பாதசாரிக் கோட்டுக்கு வெளியே ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை. நம் இலக்கணப்படி சொன்னால், வெள்ளைக்கோட்டைத் தாண்டியதும் அவர் உயர்திணையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். உள்ளே கண்காணிக்க அமர்ந்திருந்தவர் சாலையைக் கவனிக்கவில்லை என்பதையே வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது. அதை மறுப்பதற்கில்லை. எனினும் 5.6 நொடி என்பது நிற்பதற்குப் போதுமான காலம். "உரு" என்று ஒரு சொல் அந்த இயந்திரத்திடம் இருந்திருக்கலாகாதா?

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிழைபட்ட பெயர், பொருளுக்குரியதன்று, நிகழ்வுக்குரியது. மனிதர் ஓட்டிய வேறொரு கார் மோதியதில் ஒரு பெண் தூக்கியெறியப்பட்டு, குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார் முன் விழுந்தார். கார் மோதி நின்றது. பிறகு, நடந்தது பக்கவாட்டு மோதல் என்று தவறாக முடிவுசெய்து, விதிப்படி சாலையோரம் ஒதுங்க முற்பட்டது. அடியில் சிக்கிய பெண்ணைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அவர் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தார். அம்மாதமே கலிஃபோர்னிய அரசு அனுமதியை நிறுத்தியது. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வாடகைக்கார் முயற்சிக்குப் பணம் தருவதைக் கைவிட்டது.

மனிதர்கள் மேலானவர்கள் என்று நிறுவுவது என் நோக்கமன்று. 2023ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் 40,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய அனைவரும் மனிதர் ஓட்டிய வாகனங்களால் இறந்தவர்கள். இயந்திரம் குடிப்பதில்லை, தூங்குவதில்லை. நான் கேட்பது சிறிது. இருளில் ஏதோ அசைந்தால் நம் கால் முதலில் பிரேக்கைத் தேடுகிறது, பெயர் பின்னால் வருகிறது. இந்த வரிசையை இயந்திரமும் கற்கவேண்டும்.

ஊபர் பின்னர் தன் மென்பொருளை மாற்றியது. பெயர் மாறினாலும் அதுவரை வந்த தடம் அழியாமல் காக்கப்பட்டது. சில வரி நிரலாக இருக்கலாம். யாரென்று தெரியாவிட்டாலும், வந்த வழியை மறக்காதிருப்பது. ஒருவருக்கு நாம் காட்டக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அது என்று நினைக்கிறேன்.