ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் ஒரு வழக்கு

வாரநாட்களில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வார இறுதிகளில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என்றிருந்த ஓர் இளைஞர், ஜார்ஜ்டவுன் கடையொன்றில் பழைய ஜூம் லென்ஸ் ஒன்றை 1,800 வெள்ளிக்கு வாங்கினார். வாகன இரைச்சல் ஓயாத தெருவில் இருந்த கடை அது. வீட்டுக்கு வந்து கேமராவில் பூட்டிய பிறகுதான், ஃபோகஸ் மாறும்போதெல்லாம் லென்ஸுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வருவது அவருக்குக் கேட்டது. அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணின் தந்தை பேசிய வீடியோவிலும் அந்தச் சத்தம் பதிந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற ரசீது வரியைக் கடைக்காரர் காட்டினார்.

வழக்கறிஞனான என்னிடம் இளைஞர் வந்தார். ஆனால், இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் யாரும் யாருக்காகவும் வாதாட முடியாது. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அமைத்த தீர்ப்பாயத்தில், வாங்கியவரும் விற்றவரும் தாங்களே பேச வேண்டும். வசதி உள்ளவர் வழக்கறிஞரை வைத்து வெல்லக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. என் தொழிலுக்கு எதிரானதென்றாலும் நியாயமானது. மனு கொடுக்கக் கட்டணம் ஐந்து வெள்ளி. விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது என்பதால், மனு எழுத உதவிய நான் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரரின் முதல் வாதம் ரசீது. அது நிற்கவில்லை. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தைச் சட்டமே விற்பனையோடு சேர்த்துவிடுகிறது. அதை எந்த ரசீது வரியாலும் நீக்க முடியாது. விற்கும் முன்பே ஒரு குறையைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால், அந்தக் குறையை மட்டும் வைத்துப் பிறகு வழக்காட முடியாது. இங்கே கடைக்காரர் சத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது: பழைய லென்ஸ் என்றால் சத்தம் போடத்தான் செய்யும். இதில் பாதி உண்மை. கேமரா உடலில் இருக்கும் மோட்டார், ஒரு திருகுத் தண்டு வழியாகச் சுழற்றும் பழைய லென்ஸ்கள் புதிதாக இருந்தபோதே கரகரத்தவை. ஆனால், 1987-இல் கேனன் அறிமுகப்படுத்தியதைப் போன்ற மீயொலி மோட்டார் கொண்ட லென்ஸ்களின் சிறப்பே ஏறக்குறைய ஓசையின்றி இயங்குவதுதான். இவர் வாங்கியது அந்த வகை; அதில் கீச்சொலி கேட்டால் மோட்டார் தேய்ந்திருக்கக் கூடும். அதே மாடலில் நண்பரின் லென்ஸ் ஒன்றையும் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். தீர்ப்பாயத் தலைவர் அறையின் ஏர்கோனை நிறுத்தச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டிக் கேட்டார். சட்டம் பழைய பொருளிடம் புதிதின் தரத்தை எதிர்பார்ப்பதில்லை. மறைந்திருந்த குறை முன்பே தெரிந்திருந்தால், நியாயமான ஒருவர் அந்த விலைக்கு அதை ஏற்றிருப்பாரா என்றுதான் கேட்கிறது. ஏற்றிருக்க மாட்டார் என்று தலைவர் முடிவு செய்தார்.

மூன்றாவதாக, படம் எடுத்துச் சம்பாதிப்பவர் பயனீட்டாளரே அல்ல என்றார் கடைக்காரர். மக்கள் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வகைப் பொருளா, வாங்கியவர் அதை மறுவிற்பனைக்கோ உற்பத்தியில் பயன்படுத்தவோ வாங்கினாரா என்பவையே சட்டம் கேட்கும் கேள்விகள். ஓய்வு நாளில் கல்யாணப் படம் எடுப்பது அவரை அந்த வரையறைக்கு வெளியே தள்ளவில்லை.

அப்படியும் பணம் உடனே கிடைக்கவில்லை. சரிசெய்யக்கூடிய குறையென்றால், நியாயமான காலத்துக்குள் அதைச் சரிசெய்யும் வாய்ப்பை விற்றவருக்குத் தர வேண்டும். லென்ஸ் கோலாலம்பூருக்குப் போனது. அந்தப் பழைய மாடலுக்கான மோட்டார் இப்போது கிடைப்பதில்லை என்ற பதிலோடு திரும்பியது. அதன் பிறகே, லென்ஸைப் பெற்றுக்கொண்டு 1,800 வெள்ளியைத் திருப்பித் தரும்படி உத்தரவு வந்தது. தீர்ப்பாயத்தின் உத்தரவை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். கடைக்காரர் காலத்தில் செலுத்திவிட்டார். ஆனால், இந்த இடைவெளியில் ஆவணி முகூர்த்தங்கள் போய்விட்டன. முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய நட்டத்துக்கும் ஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அவரிடம் இருந்தவையோ வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட வேலைகள். அவற்றை நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. விற்றவருக்கு நியாயம் செய்யும் விதி, நாள் கணக்கில் பிழைப்பவருடைய ஒரு பருவ வருமானத்தைக் கொண்டுபோனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1969-இல் பயனீட்டாளர் சங்கம் தோன்றிய பினாங்கிலேயே, பழைய பொருளுக்கும் உரிமை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. வியாபாரியிடம் வாங்கினால்தான் இந்தப் பாதுகாப்பு. இணையத்தில் தனியாள் ஒருவரிடம் வாங்கினால், 5,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே, லென்ஸை அமைதியான இடத்தில் சோதித்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் குறைகளை ரசீதில் எழுதி வாங்குங்கள். கிடைத்த வேலைகளுக்கும் எழுத்தில் ஆதாரம் வைத்திருங்கள். அதன் பிறகும் ஏமாற்றப்பட்டால், மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுங்கள். 2019 முதல் 50,000 வெள்ளி வரை தீர்ப்பாயத்தில் கோரலாம்.