மரக்காணத்துச் செவந்த தண்ணீர்

‘தர்பூசணிக்கு மல்ச்சிங் ஷீட் போடுகிறோம். அறுவடை முடிந்து எடுக்கும்போது கிழிந்து, பாதி மண்ணோடு போய்விடுகிறது. மண்ணிலேயே மக்கிவிடும் ஷீட் இருக்கிறதா?’

திண்டிவனம் பக்கத்து வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு இப்படி எழுதியிருந்தார். நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. மரக்காணத்துக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் தர்பூசணி போடும் என் பெரியப்பா மகனுக்கும் இதே தலைவலிதான். நேரில் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று கிளம்பினேன்.

நான் போனது சித்திரை மாதம். காய் வெட்டி முடித்து, அண்ணன் ரோட்டவேட்டர் ஓட்டியிருந்தார். செம்மண்ணில் வெள்ளி வெள்ளியாகத் துண்டுகள் மின்னின. குனிந்து ஒரு கைப்பிடி மண் அள்ளினேன். அதில் மட்டும் நகக்கண் அளவில் ஏழு துண்டுகள்.

“இது மூணு வருஷத்து ஷீட்டு தம்பி. களை வராது, தண்ணி மிச்சம், காயும் மண்ணுல படாம சுத்தமா வருது. போடாம இருக்க முடியல. ஆனா 25 மைக்ரான் ஷீட்டு, வெயில்ல எழுபது நாள் கெடந்தா அப்பளம் மாதிரி ஆயிடுது. இழுத்தா கையோடதான் வரும். கத்தியில சுத்திக்குது, வரப்புல மேயற மாடு தின்னுது. எங்கப்பா வெச்சிட்டுப் போன மண்ணு இது. என் பையனுக்கு இப்படியே குடுக்கறதா?”

அவருக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் நிலத்திலிருந்து பைக்கில் கொஞ்ச தூரத்தில், இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். மரக்காணம் உப்பளத்தில் எடுத்த ஒரு நுண்ணுயிர் மக்கும் பிளாஸ்டிக்கைத் தன் உடம்புக்குள்ளேயே செய்வதாக ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. “வாங்கண்ணே, பார்த்துட்டு வருவோம்” என்றேன். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், உப்பளத்துக்குள் இறங்கி நடந்ததில்லையாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்து வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, இன்னொரு பக்கம் கடல், நடுவே கண்ணுக்கெட்டிய வரை பாத்திகள். நெல்வயல் மாதிரியே வரப்பு கட்டி, மடை வைத்து, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புகிறார்கள். நாம் பயிருக்குப் பாய்ச்சுகிறோம், இவர்கள் வெயிலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

முதல் பாத்தியில் தண்ணீர் சாதாரண நிறம். உள்ளே போகப் போக அது கெட்டிப்பட்டு, கடைசிப் பாத்திகளில் இளஞ்சிவப்பாக, சில இடத்தில் பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி நின்றது. காலையிலேயே உப்பு வாரி முடித்து நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன்.

“செவந்தா நல்லதுங்க. உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம். டிகிரி பாக்கற கருவி வெச்சிருக்காங்க, எங்களுக்கு நெறமே போதும்.”

அந்தச் சிவப்பே உயிர்தான், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பூச்சிகள் என்று சொன்னேன். காலைத் தூக்கிக் காட்டினார். பாதம் முழுக்க வெடிப்பு. “இதுல நின்னா ஒரு சின்னப் புண்ணு மாசக்கணக்கா ஆறமாட்டேங்குது. இதுல உசுரு இருக்குதா?”

இருக்கிறது. கடல் நீரில் உப்பு சுமார் மூன்றரை சதவீதம். இந்த நுண்ணுயிர்களுக்கு 20 சதவீதம் கொடுத்தாலும் சௌகரியமாக வளரும். பேச்சு வழக்கில் பாக்டீரியா என்கிறோம். ஆனால் இவை ‘ஆர்க்கியா’ என்ற தனி வம்சம். கோவாவில் உள்ள பிட்ஸ் பிலானி வளாகத்து ஆய்வாளர்கள் மரக்காணத்தில் பிரித்தெடுத்ததன் பெயர் ஹாலோஜியோமெட்ரிகம் போரின்குயன்ஸ். வாயில் நுழையாத பெயர். இந்த இனத்தை உலகம் முதலில் கண்டது போர்ட்டோ ரிக்கோ தீவின் உப்பளத்தில். அந்தத் தீவின் பழைய பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்.

இது பிளாஸ்டிக் செய்கிற விதம் மரவள்ளி போடுகிறவர்களுக்கு எளிதில் புரியும். யூரியா அதிகமானால் மரவள்ளி இலையாகத் தழைக்கும், கிழங்கு வைக்காது. இதுவும் அப்படித்தான். சர்க்கரை நிறையக் கொடுத்து மற்ற சத்தைக் குறைத்தால், பெருகுவதை நிறுத்திக்கொண்டு பஞ்ச காலத்துக்குச் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்புதான் பி.எச்.ஏ. என்கிற பிளாஸ்டிக். 1926-லேயே மோரிஸ் லெமாய்ன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி வேறொரு பாக்டீரியாவில் இந்தப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார். மண்ணில் விழுந்தால் அங்கிருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சாணமும் இதைச் சோறு மாதிரி தின்றுவிடும், துண்டு துண்டாகக் கிடக்காது.

மரக்காணத்து உயிரிக்குக் குளுக்கோஸ் கொடுத்தபோது, அதன் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தப் பிளாஸ்டிக் சேர்ந்தது. 2017-ல் கரும்புச் சக்கையிலிருந்து எடுத்த சர்க்கரைச் சாற்றைக் கொடுத்தார்கள். பாதி எடை வந்தது. 2019-ல் மரவள்ளிக் கழிவிலும் வளர்த்துக் காட்டினார்கள்.

உப்பில் வளர்வதால் இரண்டு லாபம். இவ்வளவு உப்பில் வேறு கிருமி பிழைக்காது. பால் காய்ச்சுகிற மாதிரி எல்லாவற்றையும் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்யும் செலவு குறையும். அடுத்தது, இவற்றை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பியே வெடித்துவிடும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கை எடுப்பது சுலபம்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ஏன் கடைக்கு வரல?” என்றார்.

விலைதான். 1990-ல் ஜெர்மனியில் இதே வகைப் பிளாஸ்டிக்கில் ஷாம்பு பாட்டில் விற்றுப் பார்த்தார்கள். சாதா பாலிதீனைவிடப் பல மடங்கு விலை என்பதால் நிலைக்கவில்லை. உப்பு உயிரிகளைக் கொண்டு விலையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். சீனாவில் சின்ஜியாங் பகுதி உப்பு ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியாவை வைத்து சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு பெரிய அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறது. நம் மரக்காணத்து உயிரி இன்னும் ஆய்வகக் குடுவையில்தான்.

எனக்கு வேறு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, வேலை முடிந்த உப்புத் தண்ணீர் எங்கே போகும்? அப்படி ஒரு ஆலையை விவசாய நிலத்தின் நடுவே வைத்தால் கிணறெல்லாம் உவர்ந்துவிடும். வருவதானால் உப்பளத்தை ஒட்டித்தான் வரவேண்டும், தண்ணீர் மறுபடி பாத்திக்கே போகவேண்டும். இன்னொன்று, கட்டுரைகளில் ‘கழிவு’ என்று எழுதுகிறார்கள். சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைத் திப்பி கழிவா? அது மாட்டுத் தீவனம், காசு கொடுத்து வாங்குகிறோம். கரும்புச் சக்கையை ஆலைக்காரர்கள் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நாளைக்கு இதற்குக் கிராக்கி வந்தால் அந்த விலையில் விவசாயிக்குப் பங்கு உண்டா என்று இப்போதே கேட்டு வைக்கவேண்டும்.

வாசகருக்கு என் பதில் இது. ‘மக்கும் ஷீட்’ என்று கடையில் நீட்டினால் உடனே வாங்காதீர்கள். ஐ.எஸ். 17088 தரச் சான்று கேளுங்கள். ஆனால் அந்தச் சான்றும் சூடேறிய உரக்குவியலில் மக்குவதற்கானது. சோளத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. வகை, 60 டிகிரி அளவுக்குச் சூடு இல்லாத நம் வயலில் லேசில் மக்காது. நிலத்து ஷீட்டுக்கு ஐரோப்பாவில் 2018 முதல் ஈ.என். 17033 என்று தனித் தரம் இருக்கிறது: மண்ணில் 2 ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்கவேண்டும். அந்தச் சான்றைக் காட்டினால் பேசலாம். வெறுமனே மருந்து கலந்த பாலிதீன் என்றால் அது மக்காது, பொடியாகி மண்ணில்தான் நிற்கும். அதுவரை, முடிந்த இடத்தில் வைக்கோலோ கரும்புத் தோகையோ மூடாக்குப் போடுங்கள். ஷீட்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் தடிமனாக வாங்கி, காய் வெட்டியதும், ரோட்டவேட்டர் இறங்குவதற்கு முன்பே, காலை ஈரத்தில் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

திரும்பும்போது அண்ணன் வண்டியை நிலத்தில் நிறுத்தச் சொன்னார். உரச் சாக்கு ஒன்றை உதறி எடுத்து, வரப்போரமாக உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். இருட்டும்வரை பொறுக்கியும் கால் சாக்குகூட நிறையவில்லை. நாங்கள் முடித்தது நாலு பாத்தி.