மனுவில் பைத்தான் தொடாத பத்தி

வன்கொடுமை வழக்கில் பாதி உழைப்பு தாளில்தான் போகிறது. ஒரு புகாரைப் பதிவு செய்ய வைப்பதற்குள் காவல் நிலையம், துணைக் கண்காணிப்பாளர், மாவட்டக் கண்காணிப்பாளர், ஆட்சியர், ஆதிதிராவிடர் நல அலுவலர் என ஐந்து மனு போய்விடும். ஐந்திலும் அதே பெயர், அதே தேதி. பெறுநர் மட்டும் வேறு. பழைய மனுவைத் திருத்தி எழுதினால் வேறு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

அதனால் எங்கள் குழு பைத்தானில் எழுதிய சிறு நிரல் ஒன்றைப் பயன்படுத்துகிறது. விவரங்கள் எக்செல் தாளில் இருக்கும், மாதிரி மனு வேர்டு கோப்பில். நிரல் இரண்டையும் சேர்த்து, 'பைத்தான்-டாக்எக்ஸ்' நூலகத்தின் உதவியோடு ஐந்து மனுவாகத் தரும். முதல் தகவல் அறிக்கையின் தேதியைக் கொடுத்தால், 7ஆம் நாள் நிவாரணம் கேட்கும் மனுவும், 60ஆம் நாள் குற்றப்பத்திரிகை எங்கே என்று கேட்கும் மனுவும் தயாராகிவிடும். 1995ஆம் ஆண்டு விதிகளும் 2016 திருத்தமும் வைத்த கெடு அது. கேட்காமல் எந்த அலுவலகம் தந்திருக்கிறது?

தமிழில் செய்யப்போகும் தோழர்களுக்கு ஒரு தகவல். நிரலில் எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்து மட்டும் மாறும். தமிழ் அப்படியே நிற்கும். வேர்டு கோப்பில் தமிழுக்குரிய எழுத்துரு 'சிஎஸ்' என்ற தனிப் பண்பில் இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும். (இங்கேயும் நமக்குத் தனிக் குவளைதான்!)

'நடந்தது என்ன' என்ற பத்தியை மட்டும் நிரல் தொடுவதில்லை. 'சாதிப் பெயரைச் சொல்லித் தகாத வார்த்தைகளால் திட்டி' என்று ஆயத்த வாக்கியம் வைத்துக்கொண்டால் வேலை சுலபம் என்று எங்களுக்குள்ளேயே பேச்சு வந்தது. நாங்கள் ஒப்பவில்லை. பத்து மனுவில் ஒரே வாக்கியம் இருந்தால், குறுக்கு விசாரணையில் 'சொல்லிக்கொடுத்த புகார்' என்று முடித்துவிடுவார்கள். சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளுக்குப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அது நடந்திருக்க வேண்டும். ஆகவே இடம், பார்த்தவர் என்ற இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தால் நிரல் மனுவைத் தராது, 'யார் பார்த்தார்கள்?' என்று திருப்பிக் கேட்கும்.

மற்றதை, பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசும் பேச்சிலேயே தட்டச்சு செய்கிறோம். வாய்மொழிப் புகாரை எழுதினால் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்ட வேண்டும் என்று நிலைய அதிகாரிக்கே 4ஆம் பிரிவு கடமை வைத்திருக்கிறது. நாங்களும் வாசித்துக் காட்டுகிறோம். அப்போதுதான், "அவன் சொன்ன அந்த வார்த்தைய விட்டுட்டியேம்மா" என்பார்கள். அதையும் சேர்த்த பிறகே அச்சுக்குப் போகும்.